லாக் எந்த இடத்துல காணாமப் போச்சு? லாக்பேக்ல ஆரம்பிச்சு கிராஃபானா வரைக்கும் அறிகுறி பாத்து தேடுற வழி

ரிலீஸ் போன மறுநாள் காலைல யாராவது ஒருத்தர் என் சீட்டுக்கு வந்து "ண்ணா, லாக் வரல"ன்னு நிப்பாங்க. வரலன்னா என்ன வரல, எங்க வரல, எப்பல இருந்து வரலன்னு கேட்டா பதில் இருக்காது. ஜாவா சர்வீஸ் லாக எலாஸ்டிக்சர்ச்சோட கோக்குறது, லோகியோட கோக்குறது (ரெண்டும் லாக சேமிச்சு தேடுற ஸ்டோர்), அப்புறம் ஓப்பன்டெலிமெட்ரி (லாக், ட்ரேஸ் சேகரிச்சு அனுப்புற டூல்) வந்ததும் அதையும் கோக்குறதுன்னு வருஷக்கணக்கா இதே வேலதான், திரும்பத் திரும்ப வர்றது அதே பத்து பிரச்சனதான். அதனால அறிகுறி வாரியா எழுதி வச்சுட்டேன்.

எங்க செட்டப் இதுதான்: ஸ்ப்ரிங் பூட் (ஜாவா ஆப் கட்டுற ஃப்ரேம்வொர்க்), உள்ள எஸ்எல்எஃப்4ஜே (கோட் கூப்பிடுற லாக் ஏபிஐ), அதுக்கு கீழ லாக்பேக் (லாக நிஜமா எழுதுற பேக்எண்ட்), எல்லாம் கண்டெய்னர ஓட்டுற குபர்னெட்டிஸ்ல, அதுல ஆப் ஓடுற கூடுதான் பாட், பாட் ஓடுற மெஷின்தான் நோட். ஒவ்வொரு நோட்லயும் லாக அள்ளி அனுப்புற ஃப்ளூயன்ட் பிட், அங்க இருந்து லோகிக்கோ எலாஸ்டிக்சர்ச்சுக்கோ போகும், ட்ரேஸ் (ஒரு ரிக்வெஸ்ட் எந்தெந்த சர்வீஸ் வழியா போச்சுங்கிற பதிவு) மட்டும் தனியா டெம்போங்கிற ஸ்டோருக்கு. ஜார் பேரெல்லாம் வாய்ல சொல்ற மாதிரிதான் எழுதிருக்கேன், பாத்தாலே எதுன்னு தெரிஞ்சுரும்.

## எதையும் தொடுறதுக்கு முன்னாடி கத்திரிக்கா டெஸ்ட்

எல்லா சர்வீஸ்லயும் ஒரு சின்ன எண்ட்பாயிண்ட் வச்சிருக்கேன், அதத் தட்டினா இன்ஃபோ லெவல்ல ஒரு வரி, வார்ன் லெவல்ல ஒரு வரி, எரர் லெவல்ல ஸ்டாக் ட்ரேஸோட ஒரு வரி எழுதும், மூணுலயும் "கத்திரிக்கா 4711"னு இருக்கும், நம்பர் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாத்திக்குவேன். ஏன் கத்திரிக்கான்னா வேற எந்த லாக்லயும் அந்த வார்த்த வராது, தமிழ் எழுத்து வேற, அதனால என்கோடிங்கும் சேந்தே டெஸ்ட் ஆயிரும்.

தட்டிட்டு மூணு இடத்துல தேடுங்க. மொதல்ல பாடோட கன்சோல். ரெண்டாவது ஃப்ளூயன்ட் பிட், அதுல தற்காலிகமா ஸ்டேண்டர்ட் அவுட்டுக்கு ஒரு அவுட்புட் போட்டு பாத்துக்கலாம், ஆனா கிரெப் பண்ணிட்டு உடனே எடுத்துருங்க, ஏன்னு கீழ வரும். மூணாவது ஸ்டோர், அதாவது அத திறந்து பாக்குற கிராஃபானாவோ கிபானாவோ. கடைசியா எங்க பாத்தீங்களோ அதுக்கு அடுத்த ஜாயிண்ட்லதான் கோளாறு. தண்ணி வரலன்னா மோட்டார் ரூமையும் டேங்கையும் பாக்காம குழாயக் கழட்டுற ஆளுங்க ரொம்ப பேரு, இங்கயும் அதேதான், கிராஃபானா குவெரிய ஒரு மணி நேரம் மாத்தி மாத்தி எழுதுவாங்க, கன்சோல ஒரு தடவ கூட பாத்திருக்க மாட்டாங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, லாக் ஃபைல் ரொட்டேட் ஆயிருச்சுன்னா கியூப்சிடிஎல் லாக்ஸ் (பாடோட கன்சோல காட்டுற கமாண்ட்) கடைசி ஃபைல மட்டும்தான் காட்டும். டிஃபால்ட்டா 10 எம்பிக்கு ஒரு தடவ ரொட்டேட் ஆகும், அதிகமா எழுதுற சர்வீஸ்னா பத்து நிமிஷத்துக்கு முன்னாடி எழுதினதே அங்க இருக்காது. அதனால தட்டின உடனே பாருங்க.

## ஆப் நல்லா ஓடுது, லாக் ஒரு வரி கூட இல்ல

கன்சோல்லயே இல்லன்னா ஃப்ளூயன்ட் பிட்ட திட்டிப் பிரயோஜனம் இல்ல. பாட ரீஸ்டார்ட் பண்ணி மொத பத்து வரிய மட்டும் பாருங்க. எஸ்எல்எஃப்4ஜே தன்னோட புலம்பல லாகர் வழியா சொல்லாது, லாகரே இல்லாதப்ப எப்படி சொல்லும், நேரா ஸ்டேண்டர்ட் எரர்ல கொட்டிட்டு அப்புறம் வாயே திறக்காது. ஸ்டேண்டர்ட் எரர டெவ் நல்லுல (போட்டது திரும்ப வராத குப்பைத்தொட்டி) தள்ளி விடுற ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் எங்கயாவது இருந்தா அந்தப் புலம்பலும் போச்சு, மொதல்ல அந்த ஸ்கிரிப்ட திருத்துங்க.

### "நோ எஸ்எல்எஃப்4ஜே ப்ரொவைடர்ஸ்"னு வந்தா

ஏபிஐ ஜார் 2.0, லாக்பேக் இன்னும் 1.2. இந்த ஜோடி சேராது. 2.0ல இருந்து ஏபிஐ தன்னோட பேக்எண்ட தேடுற முறைய மாத்திட்டாங்க, சர்வீஸ் லோடர் வழியாத்தான் தேடும், லாக்பேக் 1.2க்கு அது தெரியாது. விளைவு, எதுவும் எழுதாத ஊமை லாகர் வந்து உக்காந்துக்கும், ஆப் க்ராஷ் கூட ஆகாது.

எனக்கு இது ஸ்ப்ரிங் இல்லாத ஒரு பழைய பேட்ச் ஜாப்ல வந்துச்சு. யாரோ ஒரு கிளையண்ட் லைப்ரரிய அப்டேட் பண்ணிருக்காங்க, அது பின்னாடியே ஏபிஐ 2.0 வந்து ஒட்டிக்கிச்சு. மூணு நாள் லாக் இல்ல. ஜாப் ஓடுது, எரர் அலர்ட் வரவே இல்ல, எல்லாரும் சிஸ்டம் அருமையா இருக்குன்னு சந்தோஷமா இருந்தோம். லாகே இல்லாத இடத்துல எரர் அலர்ட் எப்படி வரும்? அதுக்கப்புறம்தான் "15 நிமிஷமா ஒரு வரியும் வரல"ங்கிறதுக்கே தனியா ஒரு அலர்ட் வச்சேன், எரர் அலர்ட்ட விட அதுதான் நிறைய தடவ காப்பாத்திருக்கு.

சரி பண்றது ஈசி. ஜாவா 8ல மாட்டிட்டு இருந்தா லாக்பேக் 1.3, ஜாவா 11க்கு மேலன்னா 1.5. லாக்பேக்க தொட முடியாதுன்னா ஏபிஐய 1.7.36ல பின் பண்ணுங்க. ஸ்ப்ரிங் பூட்ல இருக்கவங்க வெர்ஷன் நம்பர கையால எழுதவே வேணாம், பூட் 2க்கு 1.7 ஜோடி, பூட் 3க்கு 2.0 ஜோடி, அதுவே பாத்துக்கும், நம்ம பாம் ஃபைல்ல (மேவனோட பில்ட் ஃபைல்) யாராவது கையால எழுதி வச்சிருந்தா அத அழிக்கிறதுதான் ஃபிக்ஸ்.

### "ஸ்டாட்டிக் லாகர் பைண்டர்" கிளாஸ் கிடைக்கலன்னு வந்தா

மேல சொன்னதோட தலகீழ். ஏபிஐ பழைய 1.7, லாக்பேக் புது 1.3ஓ 1.5ஓ. ரெண்டுல ஒண்ண ஏத்துங்க இல்ல இறக்குங்க. இல்லன்னா கிளாஸ்பாத்ல (ஆப் கூட ஏறுற ஜார் லிஸ்ட்ல) பேக்எண்டே இல்ல, ஏபிஐ மட்டும் தனியா நிக்குது, அப்பவும் இதே வரிதான் வரும்.

லாக்பேக்குக்குப் பதிலா லாக்4ஜே 2 ஓட்டுறவங்களுக்கு இதே கதை வேற பேர்ல. ஏபிஐ 1.7னா லாக்4ஜே எஸ்எல்எஃப்4ஜே இம்ப்ளுங்கிற ஜார், ஏபிஐ 2னா நடுவுல இன்னொரு 2 சேந்த ஜார், எஸ்எல்எஃப்4ஜே2 இம்ப்ள். அந்த ஒத்த 2 கண்ணுல படாமப் போய் அரை நாள் வீணாப் போனவங்கள எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன்.

### எச்சரிக்கையே வரல, லாகும் வரல

இப்ப கன்ஃபிக் ஃபைல் மேல சந்தேகப்படுங்க. லாக்பேக் எக்ஸ்எம்எல்லோட மேல் டேக்ல டீபக்க ட்ரூன்னு போட்டா எந்த ஃபைல எடுத்துச்சு, எந்த அப்பெண்டர் (லாக ஒரு இடத்துக்கு எழுதுற பாகம்) ஏறுச்சுன்னு வரிவரியா சொல்லும். ரெண்டு ஃபைல் இருந்து நீங்க திருத்தினது ஒண்ணு அது எடுத்தது இன்னொண்ணுன்னு இருக்கும், இல்ல ப்ராட் ப்ரொஃபைலுக்குள்ள அப்பெண்டர எழுதி வச்சுட்டு பாட்ல ப்ரொஃபைல் பேர் ப்ரொடக்‌ஷன்னு இருக்கும். பத்துல எட்டு தடவ இந்த ரெண்டுதான்.

ஆள கூப்பிட வேண்டிய இடம்: உங்க வார் ஃபைல் வேற டீம் பராமரிக்கிற அப்ளிகேஷன் சர்வர்ல ஓடுது, அந்த சர்வரோட சொந்த லிப் ஃபோல்டர்லயே பழைய ஏபிஐ கிடக்குதுன்னா நீங்க உங்க பக்கம் என்ன பண்ணாலும் சரியாகாது. சர்வர் டீம்கிட்ட போங்க. நீங்களா அந்த ஜார அழிச்சிராதீங்க, அதே சர்வர்ல இன்னும் நாலு ஆப் இருக்கும்.

## "மல்டிபிள் ப்ரொவைடர்ஸ்", இல்லன்னா ஸ்டார்ட் ஆகும்போதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ

ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. மல்டிபிள்னு வந்தா கிளாஸ்பாத்ல ரெண்டு பேக்எண்ட், ஏதோ ஒண்ண எடுத்துக்கிட்டேன்னு அடுத்த வரில அதுவே சொல்லும். இன்னைக்கு எடுத்தது நாளைக்கு வேற இமேஜ்ல மாறலாம், அதனால லாக் வருதேன்னு விட்டுராதீங்க. மேவன்ல டிபெண்டன்சி ட்ரீ எடுத்து லாக்பேக் கிளாசிக், எஸ்எல்எஃப்4ஜே சிம்பிள், லாக்4ஜே இம்ப்ள், ரீலோட்4ஜேன்னு எதெல்லாம் இருக்குன்னு பாத்து ஒண்ண வச்சுட்டு மீதிய எக்ஸ்க்ளூட் பண்ணுங்க. எக்ஸ்க்ளூட கொண்டு வந்தவன்கிட்டயே போடுங்க, டெஸ்ட்டுக்குன்னு சேத்த சிம்பிள் ஜார் ஸ்கோப் மாறி ப்ரொடக்‌ஷனுக்கு வந்திருக்கிறதும் அடிக்கடி நடக்குறதுதான்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னா பாலம் (ஒரு லாகருக்கு வர்றத இன்னொண்ணுக்குத் திருப்புற ஜார்) ரெண்டு பக்கமும் கட்டிட்டீங்க. லாக்4ஜேல இருந்து எஸ்எல்எஃப்4ஜேக்கு ஒரு பாலம், எஸ்எல்எஃப்4ஜேல இருந்து லாக்4ஜேக்கு இன்னொரு பாலம், ரெண்டும் கிளாஸ்பாத்ல இருந்தா ஒரு லாக் வரி ரெண்டுக்கும் நடுவுல பந்து மாதிரி ஆடிட்டே இருக்கும். லாக்4ஜே இத கண்டுபிடிச்சு இந்த ரெண்டு ஜாரும் சேந்து இருக்கக் கூடாதுன்னு எக்ஸெப்ஷன்லயே சொல்லிரும், ஜூல் (ஜாவாவோட சொந்த லாகர்) பக்கம் இதே தப்ப பண்ணா அந்த மாதிரி தெளிவா சொல்லாது. விதி ஒண்ணுதான்: எல்லா பாலமும் ஒரே திசைல, நீங்க தேர்ந்தெடுத்த பேக்எண்ட பாத்து. எங்க வீட்ல எல்லாம் லாக்பேக்குக்கு, அதனால எஸ்எல்எஃப்4ஜேல இருந்து வெளிய போற பாலம் எதுவும் இருக்கக் கூடாது.

இன்னொரு சுத்தலும் உண்டு. லாக நேரா ஹெச்டிடிபில அனுப்புற அப்பெண்டர் போட்டிருப்பீங்க, அந்த ஹெச்டிடிபி கிளையண்ட் டீபக் லெவல்ல தன் பங்குக்கு லாக் எழுதும், அத அனுப்ப இன்னொரு ரிக்வெஸ்ட், அதுக்கு இன்னும் நாலு லாக். அந்த கிளையண்ட் பேக்கேஜுக்கு மட்டும் லெவல வார்ன்ல வைங்க. ஃப்ளூயன்ட் பிட்லயும் இதே கதை: நோட்ல இருக்கிற எல்லா கண்டெய்னர் லாகையும் படின்னு சொல்லிருப்பீங்க, அதுல அதோட சொந்த லாகும் இருக்கும், நீங்க டெஸ்ட்டுக்குப் போட்ட ஸ்டேண்டர்ட் அவுட் அவுட்புட்ட அதுவே படிச்சு அதுவே எழுதி அதுவே படிச்சு... மேல உடனே எடுத்துருங்கன்னு சொன்னது இதுக்குத்தான். எக்ஸ்க்ளூட் பாத்ல அதோட சொந்த ஃபைல் பேர மறக்காம சேத்துருங்க.

டிபெண்டன்சி ட்ரீ பாக்கும்போது லாக்4ஜே கோர்னு ஒரு ஜார் 2.17.1க்கு கீழ கண்ணுல பட்டா மத்த வேலைய நிறுத்திட்டு செக்யூரிட்டி டீம கூப்பிடுங்க, 2021 டிசம்பர்ல உலகத்தையே உலுக்குன லாக்4ஷெல் ஓட்டை அந்த கோர் ஜார்லதான். ஏபிஐயும் எஸ்எல்எஃப்4ஜே பாலமும் மட்டும் இருந்து கோர் இல்லன்னா அந்த ஓட்டை உங்களுக்கு இல்ல, ஸ்கேனர் பேர பாத்துட்டு கத்தினா இத அவங்களுக்குச் சொல்லலாம்.

## நம்ம லாக் வருது, சில லைப்ரரியோட லாக் மட்டும் வேற மாதிரி வருது

நம்ம வரியெல்லாம் அழகா ஜேசன்ல வருது, நடுவுல தேதி வேற வடிவத்துல ரெண்டு ரெண்டு வரியா சிவப்பா ஏதாவது வந்தா அது ஜாவாவோட சொந்த லாகர், ஜூல். ஜூல் டு எஸ்எல்எஃப்4ஜே ஜார் கிளாஸ்பாத்ல இருந்தா ஸ்ப்ரிங் பூட் தானே இணைச்சுக்கும், ஸ்ப்ரிங் இல்லன்னா மெயின் மெத்தட் மொத வரிலயே பிரிட்ஜ் ஹேண்ட்லர இன்ஸ்டால் பண்ணணும், அதுக்கு முன்னாடி ரூட்ல இருக்கிற பழைய ஹேண்ட்லர கழட்டணும். கழட்டலன்னா ரெண்டு தடவ வரும்.

இணைச்சதும் ஆப் மந்தமாச்சுன்னா ஆச்சரியப்படாதீங்க. ஆஃப்ல இருக்கிற லாக் வரிக்கே 60 மடங்கு வரைக்கும் செலவு ஆகலாம்னு எஸ்எல்எஃப்4ஜே ஆவணத்துலயே எச்சரிச்சிருக்காங்க. லாக்பேக்ல லெவல் சேஞ்ச் ப்ராபகேட்டர்னு ஒரு லிசனர் இருக்கு, அத எக்ஸ்எம்எல்ல ஒரு வரி போட்டா அந்தச் செலவு போயிரும்.

## ஒரே லாக் ரெண்டு தடவ வருது

கன்சோல்லயே ரெண்டா? அப்ப லாக்பேக் எக்ஸ்எம்எல்ல நம்ம பேக்கேஜ் லாகருக்கு ஒரு அப்பெண்டர், ரூட்டுக்கும் அதே அப்பெண்டர். லாகர்ல அடிடிவிட்டிய ஃபால்ஸ் ஆக்குங்க, இல்ல அந்த அப்பெண்டர் ரெஃபரன்ஸயே எடுத்துருங்க. முடிஞ்சுது.

கன்சோல்ல ஒண்ணு, ஸ்டோர்ல ரெண்டா? அப்ப ரெண்டு வழில போகுது. ஓப்பன்டெலிமெட்ரி ஜாவா ஏஜென்ட் 2.0 2024 ஜனவரில வந்தப்ப, லாக அதுவே ஓடிஎல்பில (ஓப்பன்டெலிமெட்ரியோட சொந்த ப்ரோட்டோகால்) அனுப்புறத டிஃபால்ட்டா ஆன் பண்ணிட்டாங்க. நீங்க ட்ரேஸுக்காக மட்டும் ஏஜென்ட்ட அப்டேட் பண்ணிருப்பீங்க, அது லாகையும் அள்ளிட்டுப் போகும், ஃப்ளூயன்ட் பிட் வழக்கம் போல கன்சோல்ல இருந்து அதே லாக அள்ளும். ஏஜென்ட்டோட லாக்ஸ் எக்ஸ்போர்ட்டர "நன்"னு (எதுவும் வேணாம்னு) போட்டா நின்னுரும். அதே 2.0லதான் டிஃபால்ட் ப்ரோட்டோகாலும் ஜிஆர்பிசில இருந்து ஹெச்டிடிபிக்கு மாறுச்சு, அதனால கலெக்டர் போர்ட் 4317லயே இருந்தா ட்ரேஸ் போகாது, 4318 வேணும். ஒரே அப்டேட்ல லாக் ரெண்டாச்சு, ட்ரேஸ் காணாமப் போச்சுன்னு யாராவது வந்தா நான் வெர்ஷன் நம்பர மட்டும்தான் கேப்பேன்.

ஃப்ளூயன்ட் பிட் ரீஸ்டார்ட் ஆனப்ப மட்டும் பழசெல்லாம் திரும்ப வருதுன்னா டெயில் இன்புட்ல டிபி ஃபைல் (எதுவரைக்கும் படிச்சதுன்னு குறிச்சு வைக்கிறது) வைக்கல, இல்ல வச்ச ஃபைல் பாட் கூடவே அழிஞ்சு போகுது. நோட்ல இருக்கிற ஃபோல்டர்ல வைங்க.

## ஸ்டாக் ட்ரேஸ் துண்டு துண்டா வருது

எரர் ஒண்ணு, கிராஃபானால 60 வரி, ஒவ்வொண்ணும் தனி லாக், நடுநடுவுல வேற பாடோட வரிங்க. கண்டெய்னர் ரன்டைமுக்கு ஒரு வரின்னா ஒரு லாக், அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

செலவு கம்மியான வழி: ஆப்லயே ஜேசனா எழுதுங்க. ஜேசன்ல புது வரி எஸ்கேப் ஆயிரும், மொத்த ட்ரேஸும் ஒரே வரிக்குள்ள அடங்கிரும். ஸ்ப்ரிங் பூட் 3.4ல இருந்து இதுக்கு தனி லைப்ரரி கூட வேணாம், ப்ராப்பர்ட்டி ஃபைல்ல ஒரே வரி, ஈசிஎஸ், லாக்ஸ்டாஷ், ஜெல்ஃப்னு மூணு ஜேசன் வடிவத்துல ஒண்ண சொன்னா போதும். பழைய பூட்னா லாக்ஸ்டாஷ் லாக்பேக் என்கோடர். லோக்கல்ல படிக்க கஷ்டமா இருக்குன்னு டெவலப்பர்ஸ் சண்டைக்கு வருவாங்க, நியாயம்தான், லோக்கல் ப்ரொஃபைலுக்கு பழைய மாதிரி டெக்ஸ்ட்டே விட்டுருங்க.

ஆப்ப தொட முடியாதுன்னா ஃப்ளூயன்ட் பிட்ல மல்டிலைன். இங்க ஒரு பொறி இருக்கு: இன்புட்ல மல்டிலைன் பார்சர்னு சிஆர்ஐ (கண்டெய்னர் ரன்டைம் எழுதுற லாக் வடிவம்), ஜாவா ரெண்டையும் கமா போட்டு எழுதினா ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா ஓடும்னு நெனைக்கிறோம், அப்படி இல்ல, எது மொதல்ல பொருந்துதோ அது மட்டும்தான். இன்புட்ல சிஆர்ஐ மட்டும் வைங்க, ஜாவாவ தனி மல்டிலைன் ஃபில்டரா கீழ வைங்க.

ஜேசன் போட்டும் ரொம்ப நீளமான ட்ரேஸ் மட்டும் ஒடஞ்சு வருதா? 16 கேபி. ஒரு வரி அத தாண்டினா டாக்கரும் கண்டெய்னர்டியும் வெட்டிரும். மேல சொன்ன சிஆர்ஐ பார்சர்தான் அத ஒட்டும், டாக்கர்னா டாக்கர் பார்சர். ஒட்டாத பாதி ஜேசன் ஸ்டோருக்குப் போனா பார்ஸ் ஆகாது, சில சமயம் ஓசையில்லாம கீழ விழுந்துரும், அதனால பெரிய எரர் மட்டும் லாக்ல இல்லன்னு ஒரு விசித்திரமான புகார் வரும்.

## கூட்டம் ஏறுற நேரத்துல இன்ஃபோ மட்டும் காணோம்

இது எனக்குப் பிடிச்ச பிரச்சன, ஏன்னா யாரும் நம்ப மாட்டாங்க. காலைல எல்லாம் வருது. சேல் ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல ஆர்டர் ஐடி வச்சு தேடினா பாதி ஆர்டருக்கு "பேமண்ட் ஆரம்பிச்சது"னு வரி இருக்கு, "முடிஞ்சது"னு வரி இல்ல, ஆனா காசு போயிருக்கு. எரரும் இல்ல. டெவலப்பர் கோட்ல இஃப் கண்டிஷனத் தேடிட்டு இருப்பாரு.

கத்திரிக்காவ ஏன் இன்ஃபோ, வார்ன் ரெண்டுலயும் எழுதச் சொன்னேன்னு இப்ப தெரியும். லோடு இருக்கும்போது நூறு தடவ தட்டுங்க. வார்ன் நூறும் வந்து இன்ஃபோ எழுபதுதான் வந்துச்சுன்னா லாக்பேக்கோட அசிங்க் அப்பெண்டர்தான் (லாக க்யூல போட்டு தனி த்ரெட்ல எழுதுறது) ஆள். அதோட க்யூ டிஃபால்ட்டா 256 வரிதான் பிடிக்கும், அதுல 20 சதவீத இடம்தான் மிச்சம்னு ஆனதும் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ மூணையும் தூக்கிப் போட்டுரும், வார்ன், எரர் மட்டும் வச்சுக்கும். பக் இல்ல இது, அப்படித்தான் செஞ்சிருக்காங்க.

மொதல்ல க்யூ சைஸ ஏத்துங்க, நான் 8192ல ஆரம்பிப்பேன், மெமரி கொஞ்சம் போகும் அவ்ளோதான். அடுத்து டிஸ்கார்டிங் த்ரெஷோல்ட 0 ஆக்குங்க, எதையும் தூக்கிப் போடாது, ஆனா க்யூ நிறைஞ்சா ரிக்வெஸ்ட் த்ரெட் நின்னு காத்திருக்கும். லாகுக்காக கஸ்டமர காக்க வைக்கலாமாங்கிறது உங்க பிசினஸ் முடிவு. பேமண்ட் மாதிரி இடத்துல நான் காக்க வைப்பேன், சர்ச் பேஜ்ல தூக்கிப் போடச் சொல்லுவேன். நெவர் பிளாக்க ட்ரூ பண்ணிட்டு த்ரெஷோல்ட 0ன்னும் வைக்கிறவங்க இருக்காங்க, அப்ப க்யூ நிறைஞ்சதும் எரரும் சேந்து போகும், தெரிஞ்சு பண்ணுங்க.

கன்சோல்ல நூறும் இருக்கு, ஸ்டோர்லதான் இல்லன்னா ஃப்ளூயன்ட் பிட்டோட சொந்த லாக்ல மெம் பஃப் ஓவர்லிமிட்னு பாஸ் ஆன வரி இருக்கான்னு பாருங்க. பாஸ் ஆனா படிக்கிறத நிறுத்திரும், அது திரும்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள ஃபைல் ரொட்டேட் ஆகி அழிஞ்சா அந்த லாக் திரும்ப வராது. ஃபைல்சிஸ்டம் பஃபர ஆன் பண்ணுங்க. அதுக்கப்புறமும் தாங்கலன்னா நடுவுல காஃப்கா வைக்கலாமான்னு பேச்சு வரும், அது மாசாமாசம் பில் வர்ற வேலை, ப்ளாட்ஃபார்ம் டீமோட உக்காந்து பேச வேண்டியது.

## ட்ரேஸ் ஐடி காலியா இருக்கு, இல்ல கிளிக் பண்ணா ட்ரேஸ் இல்லங்குது

### லாக்ல ஐடி காலி

எல்லா வரிலயும் காலின்னா பேர் பொருத்தம் சரியில்ல. மைக்ரோமீட்டர் (ஸ்ப்ரிங் பூட் 3 ட்ரேஸுக்கு எடுத்துக்கிற லைப்ரரி) போடுற பேர்ல அண்டர்ஸ்கோர் கிடையாது, ட்ரேஸும் ஐடியும் ஒட்டி இருக்கும், ஓப்பன்டெலிமெட்ரி ஏஜென்ட் போடுறது நடுவுல அண்டர்ஸ்கோரோட. பேட்டர்ன்ல ஒண்ணு எழுதி ஓடுறது இன்னொண்ணுன்னா காலிதான். ரெண்டையும் சேத்து ஓட்டாதீங்க, ஒரே வரில ரெண்டு வேற வேற ஐடி வந்து நிக்கும்.

சில வரில மட்டும் காலின்னா அந்த வரி வேற த்ரெட்ல இருந்து வருது. எம்டிசிங்கிறது லாக் வரில சேர வேண்டிய ஐடியெல்லாம் வைக்கிற, த்ரெட்டுக்குள்ள இருக்கிற பை, வேலைய வேற த்ரெட்டுக்குக் குடுத்தா பை கூடப் போகாது. எக்ஸிக்யூட்டருக்கு கான்டெக்ஸ்ட் ப்ராபகேட்டிங் டாஸ்க் டெக்கரேட்டர் போடுங்க, ரியாக்டர்னா ஸ்ப்ரிங்ல கான்டெக்ஸ்ட் ப்ராபகேஷன ஆட்டோன்னு வைங்க.

காலியா இருக்கிறத விட தப்பா இருக்கிறது மோசம். ஒரு தடவ சப்போர்ட்ல இருந்து ஒரு யூசரோட லாக் எடுத்துத் தரச் சொன்னாங்க, எடுத்துப் பாத்தா அதுல இன்னொருத்தரோட முகவரி மாத்தின வரியும் இருக்கு. டேட்டா கலந்துருச்சோன்னு வயித்தக் கலக்கிருச்சு. கடைசில பாத்தா ஃபில்டர்ல யூசர் ஐடிய எம்டிசில வச்சவர் ஃபைனலி பிளாக்ல எடுக்கல, அந்த த்ரெட் பூலுக்குப் போய் லாகின் இல்லாத அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கு வந்தப்ப பழைய ஐடியையே சுமந்துட்டு வந்திருக்கு. டேட்டா சரியாத்தான் இருந்துச்சு, லாக்தான் பொய் சொல்லிருக்கு.

### ஐடி இருக்கு, டெம்போல ட்ரேஸ் இல்ல

பதறாதீங்க, சாம்ப்ளிங். ஸ்ப்ரிங் பூட் 3ல டிஃபால்ட் 0.1, பத்துல ஒரு ரிக்வெஸ்ட்டோட ட்ரேஸ்தான் அனுப்பும், ஆனா ஐடி எல்லா லாக்லயும் இருக்கும். டெவ்ல 1.0 ஆக்கிட்டு திரும்பப் பாருங்க, வந்துருச்சுன்னா வழி எல்லாம் சரி. ப்ரொடக்‌ஷன்லயும் 1.0 வைக்கலாமான்னா ஸ்டோரேஜ் பில் யாரு கட்டுறாங்களோ அவங்கள கேளுங்க.

1.0லயும் இல்லன்னா போர்ட் 4317, 4318 குழப்பம். அதுவும் சரின்னா ஐடி நீளத்த எண்ணுங்க, 32 எழுத்து இருக்கணும், 16தான்னா நீங்க பாக்குறது ஸ்பான் ஐடி (ட்ரேஸுக்குள்ள ஒரு படியோட ஐடி), இல்ல பழைய ஸிப்கின் ஸ்டைல் ஐடி. ஒரு சர்வீஸ்ல இருந்து அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது ஐடி மாறினா ஒருத்தர் பி3 ஹெடர் அனுப்புறாரு, இன்னொருத்தர் டபிள்யூ3சி ட்ரேஸ்பேரண்ட்ட எதிர்பாக்குறாரு (ரெண்டும் ட்ரேஸ் ஐடிய சுமந்துட்டுப் போற ஹெடர்), ஸ்லூத்தோட (ஸ்ப்ரிங்கோட பழைய ட்ரேஸ் லைப்ரரி) பூட் 2ல இருக்கிற சர்வீஸும் பூட் 3க்குப் போன சர்வீஸும் கலந்திருக்கிற இடத்துல இது சகஜம்.

## தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியா வருது

கத்திரிக்கா கன்சோல்லயே வெறும் கேள்விக்குறியா வந்தா, ஜாவா 17ஓ அதுக்கு முந்தினதோ, லோக்கேல் எதுவும் செட் பண்ணாத கண்டெய்னர்ல ஓடுது. ஜாவா 18ல இருந்துதான் டிஃபால்ட் சார்செட் யுடிஎஃப்-8 ஆச்சு. வெர்ஷன் எதுவா இருந்தாலும் லாக்பேக் என்கோடர்லயே சார்செட்ட எழுதிருங்க. கேள்விக்குறியா ஸ்டோருக்குப் போனத திரும்ப எழுத்தா மாத்த முடியாது.

## லாக் அஞ்சரை மணி நேரம் தள்ளிப் போயிருச்சு

படிக்க வசதியா இருக்கும்னு யாரோ பாட்ல டைம்ஸோன ஆசியா கொல்கத்தான்னு வச்சிருப்பாங்க, பேட்டர்ன்ல ஆஃப்செட் இருக்காது, ஃப்ளூயன்ட் பிட் அத யுடிசின்னு எடுத்துக்கும். மதியம் 2 மணி லாக் கிராஃபானால ராத்திரி 7:30க்குப் போய் உக்காந்துக்கும். எலாஸ்டிக்சர்ச் எதிர்காலத்தையும் ஏத்துக்கும், கிபானால நேரத்த இப்பல இருந்து ஆறு மணி நேரம் எதிர்காலத்துக்குத் தள்ளிப் பாத்தா அங்க இருக்கும். லோகி அப்படி இல்ல, 10 நிமிஷத்துக்கு மேல எதிர்காலம்னா டிஃபால்ட்டா திருப்பி அனுப்பிரும். டைம்ஸ்டாம்ப ஆஃப்செட்டோட எழுதுங்க, பாட யுடிசிலயே விடுங்க, காட்டுற இடத்துல கிராஃபானா நம்ம நேரத்துக்கு மாத்திக்கும்.

## ஏஜென்ட் அனுப்புது, ஸ்டோர் ஏத்துக்க மாட்டேங்குது

### லோகி

ஸ்ட்ரீம் லிமிட்னு எரர் வந்தா யாரோ ட்ரேஸ் ஐடியையோ யூசர் ஐடியையோ லேபிளா வச்சிருக்காங்க. ஒவ்வொரு புது மதிப்பும் ஒரு புது ஸ்ட்ரீம் (ஒரே லேபிள் இருக்கிற லாக் கூட்டம்). லேபிள்னா ஆப் பேர், என்விரான்மென்ட், நேம்ஸ்பேஸ், லெவல், இவ்ளோ போதும், ஐடியெல்லாம் வரிக்குள்ளயோ ஸ்ட்ரக்சர்டு மெட்டாடேட்டாலயோ இருக்கட்டும். அனுப்புற பக்கம் இன்னும் ப்ராம்டெயில்தான்னா (லோகியோட பழைய ஏஜென்ட்) அதோட ஆயுசு 2026 மார்ச்சோட முடிஞ்சுது, புதுசா எதையும் அதுல கட்டாதீங்க, கிராஃபானாவோட அலாயோ ஃப்ளூயன்ட் பிட்டோ வைங்க.

### எலாஸ்டிக்சர்ச்

இங்க பல்க் ரிக்வெஸ்ட்டுக்கு 200 வரும், உள்ள இருக்கிற டாக்குமெண்ட் மட்டும் தோத்திருக்கும். 200ன்னு பாத்து திருப்தியாயிராதீங்க, ஃப்ளூயன்ட் பிட்ல ட்ரேஸ் எரர ஆன் பண்ணா உண்மையான காரணம் தெரியும். 8க்கு அப்டேட் ஆனதுமே எல்லாம் நின்னுச்சுன்னா டைப் பேர் பிரச்சன, சப்ரஸ் டைப் நேம ஆன் பண்ணுங்க.

மத்தபடி மேப்பிங் (எந்த ஃபீல்டு என்ன டைப்ங்கிறது) சண்டை. ஒரு சர்வீஸ் ஸ்டேட்டஸ்ங்கிற ஃபீல்டுல 200ன்னு எண் எழுதும், இன்னொண்ணு அதே ஃபீல்டுல "பெண்டிங்"னு எழுதும், இண்டெக்ஸ்ல எண் மொதல்ல வந்துட்டா ஃபீல்டு எண் டைப் ஆயிரும், "பெண்டிங்" வெளிய; எழுத்து மொதல்ல வந்தா எண்ணையும் எழுத்தா ஏத்துக்கும். இண்டெக்ஸ் தினமும் மாறுறதால திங்கக்கிழம "பெண்டிங்" எழுதுற சர்வீஸோட லாக் இல்ல, செவ்வாய்க்கிழம இருக்குன்னு மாறி மாறி வரும், பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். ஃபீல்டு பேருக்கு முன்னாடி சர்வீஸ் பேர் சேருங்க. 1000 ஃபீல்டு தாண்டிருச்சுன்னு வந்தா லிமிட்ட ஏத்துறதுக்கு முன்னாடி யாரு மேப்ப அப்படியே லாக்ல கொட்டுறாங்கன்னு கண்டுபிடிங்க, நிச்சயமா ஒருத்தர் இருப்பாரு.

எல்லா சர்வீஸும் ஒரே நேரத்துல நின்னா டிஸ்க். 95 சதவீதம் தாண்டினா இண்டெக்ஸ் எழுத விடாது. பழைய இண்டெக்ஸ அழிச்சா தீரும், ஆனா எத அழிக்கலாம்ங்கிறது ஆடிட் சம்பந்தப்பட்ட விஷயம், ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா முடிவெடுக்காம கிளஸ்டர் பாக்குறவங்கள எழுப்புங்க. கிளஸ்டர் ஹெல்த் சிவப்புன்னா அப்பவும் அவங்கதான்.

## பாட் செத்துச்சு, கடைசி வரி இல்ல

எக்ஸிட் கோட் பாருங்க. 137ன்னா சிக்கில் (அந்த நொடியே கொல்ற சிக்னல்), பெரும்பாலும் மெமரி தாண்டினதுக்கு, ஆப்புக்கு மூச்சு விட நேரமே இல்ல, அசிங்க் க்யூல இருந்தது போச்சு, லாக்பேக்க என்ன பண்ணாலும் அந்த வரி வராது, பாட டிஸ்க்ரைப் பண்ணி ஓஓஎம்கில்டுன்னு இருக்கான்னு பாத்துட்டு மெமரி பக்கம் போங்க.

சாதாரண டிப்ளாய்மெண்ட்லயே ஒவ்வொரு தடவையும் 30 செகண்ட் கழிச்சு 137னு சாகுதுன்னா வேற கதை. டாக்கர்ஃபைல்ல ஜாவாவ ஷெல்லுக்குள்ள ஓட்டிருக்கீங்க, சிக்டெர்ம் (முடிச்சுட்டு நில்லுன்னு சொல்ற சிக்னல்) ஷெல்லுக்குப் போகுது, ஷெல் அத ஜாவாகிட்ட சொல்லவே இல்ல. ஸ்கிரிப்ட்ல ஜாவா வரிக்கு முன்னாடி எக்ஸெக்னு ஒரு வார்த்த போட்டு திரும்ப பில்ட் பண்ணுங்க, ஷட்டவுன் ஹூக் ஓடும், க்யூ காலியாகும், கடைசி கத்திரிக்காவும் வந்து சேரும்.